கேமராவின் கடிகாரமும் வானத்தின் கடிகாரமும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் சாலையில் கோரிமேட்டைத் தாண்டினால் கொண்டப்பநாயக்கன்பட்டி. அதற்கப்புறம் அடிவாரம். அங்கிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவுகள். ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தச் சாலையில் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு போகிறவர்கள் பலர். ஒரே காலையில் இருநூறு, முந்நூறு படங்கள் எடுத்துவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து அவற்றைக் கணினியில் திறக்கும்போதுதான் சிக்கல். பாறைமேல் உட்கார்ந்திருக்கும் இந்த மஞ்சள் தொண்டைச் சின்னானை எட்டாவது வளைவில் எடுத்தோமா, பதினோராவதிலா, அடிவாரத்துக்கு முன்பே உள்ள முட்புதர்க் காட்டிலா? படத்தில் பறவையின் ஒவ்வொரு இறகும் தெரிகிறது. இடம் மட்டும் தெரியவில்லை.

தென்னிந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை அது. பாறைகளும் புதர்களும் கலந்த மலைச்சரிவுகளில் மட்டும் வாழ்கிறது; அழியும் ஆபத்தை நோக்கிப் போகும் இனங்களின் பட்டியலில் இருக்கிறது. அப்படிப்பட்ட பறவையின் படம், எடுத்த இடம் தெரிந்தால் அறிவியல் சான்று. இடம் தெரியாவிட்டால் அழகான படம், அவ்வளவுதான்.

இது புதிய கவலை அல்ல. காடுகளில் செடி சேகரித்து, உலர்த்தி, தாளில் ஒட்டிவைத்த பழைய தாவரவியலாளர்கள் ஒவ்வொரு தாளின் மூலையிலும் ஒரு குறிப்பு எழுதினார்கள். அந்தக் காலக் குறிப்புகளில் பெரும்பாலும் மலையின் பெயர் இருக்கும், அடிக்கணக்கில் உயரம் இருக்கும், தேதி இருக்கும். ‘சேர்வராயன் மலை’ என்று மட்டும் எழுதியிருந்தால் எந்த ஓடை, எந்தச் சரிவு என்று தேடுவது? ஏற்காடு இருக்கும் இந்த மலையின் பெயரையே தாங்கிய வெர்னோனியா சேர்வராயென்சிஸ் போன்ற ஓரிடச் செடிகளைத் திரும்பக் கண்டுபிடிக்க வேண்டியவர்களுக்கு அந்த ஒற்றைச் சொல் போதாது. கேமராவோடு ஒரு ஜி.பி.எஸ். கருவியை இணைப்பது, அந்தத் தாளின் மூலையில் இருந்த குறிப்பைச் சில மீட்டர் துல்லியத்தில் எழுதுவதற்குச் சமம். அந்தத் துல்லியத்தின் அடியில் இருப்பது வரைபடமோ திசைகாட்டியோ அல்ல, நேரம். இந்த அத்தியாயம் முழுக்க அதைப் பற்றியதுதான்.

மின்னல் வெட்டியதைப் பார்த்து, இடி கேட்கும் வரை நொடிகளை எண்ணி, மின்னல் எவ்வளவு தூரத்தில் விழுந்தது என்று சொல்வோம். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். ஜி.பி.எஸ். செய்வதும் இதே கணக்கைத்தான். ஒலிக்குப் பதிலாக ரேடியோ அலை. தரையிலிருந்து சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஒவ்வொரு செயற்கைக்கோளும் இரண்டு செய்திகளை இடைவிடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது: ‘இப்போது என் நேரம் இது, நான் இருக்கும் இடம் இது’. தலைக்கு நேர் மேலே இருக்கும் கோளிலிருந்து அந்தச் செய்தி நம் கைக்கு வர ஒரு நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு ஆகிறது. எவ்வளவு தாமதமாக வந்தது என்று தெரிந்தால் கோள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். மூன்று கோள்களின் தூரம் தெரிந்தால் நம் இடம் தெரிய வேண்டும். ஆனால் நம் கையில் இருக்கும் கருவியின் கடிகாரம் மலிவான குவார்ட்ஸ். அதை நம்ப முடியாது. ஒளியும், அதே வேகத்தில் போகும் ரேடியோ அலையும் ஒரு மைக்ரோநொடியில் 300 மீட்டர் போய்விடும். ஆகவே கருவி நான்காவது கோளையும் கேட்டு, அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் ஆகிய மூன்றோடு தன் கடிகாரத்தின் பிழையையும் சேர்த்துக் கண்டுபிடிக்கிறது. நான்கு தெரியாதவை, நான்கு சமன்பாடுகள். இடத்தைக் கண்டுபிடிக்கும்போதே ஜி.பி.எஸ். கருவி தன் நேரத்தையும் சரிசெய்துகொள்கிறது.

மேலே இருக்கும் கடிகாரங்கள் அணுக் கடிகாரங்கள். அவற்றிலும் ஒரு சங்கடம் உண்டு. வேகமாக நகரும் கடிகாரம் மெதுவாகும், ஈர்ப்பு குறைந்த இடத்தில் இருக்கும் கடிகாரம் விரைவாகும் என்று ஐன்ஸ்டைன் காட்டியிருக்கிறார். இரண்டையும் கூட்டிக் கழித்தால் ஜி.பி.எஸ். கோளின் கடிகாரம் தரையில் இருப்பதைவிட நாளொன்றுக்கு 38 மைக்ரோநொடி முந்துகிறது. அந்த நேரத்தில் ஒளி கடக்கும் தூரம் 11 கிலோமீட்டருக்கும் மேல். கொண்டப்பநாயக்கன்பட்டிக்கும் ஏற்காட்டுக்கும் இடையே நேர்க்கோடு போட்டால் வரும் தூரம்கூட இதைவிடச் சற்றுக் குறைவுதான். இதை முன்கூட்டியே கணக்கிட்டு, ஏவுவதற்கு முன்பே கோளின் கடிகாரத்தைச் சற்று மெதுவாக ஓடும்படி செய்துவிடுகிறார்கள். சார்பியல் கொள்கை என்றால் கரும்பலகைச் சமன்பாடு என்று நினைக்கிறவர்கள், தங்கள் கேமராவில் பதிவான ஓர் இடக்குறிப்பைப் பார்த்தாலே போதும்.

கடிகாரம் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே பாடம் இருக்கிறது. இந்தியாவின் சொந்த இடங்காட்டி அமைப்பான நாவிக்கின் முதல் கோள் ஐ.ஆர்.என்.எஸ்.எஸ்.-1ஏ, 2013 ஜூலை 1 அன்று ஏவப்பட்டது. அதில் இருந்த மூன்று ரூபிடியம் அணுக் கடிகாரங்களும் சில ஆண்டுகளில் ஒவ்வொன்றாகப் பழுதாயின. மற்றபடி நல்ல நிலையில் இருந்த கோள்தான், ஆனால் நேரம் சொல்ல முடியாத கோளை வைத்து இடம் சொல்ல முடியாது. அதன் வேலையைச் செய்ய 2018 ஏப்ரல் 12 அன்று 1ஐ என்ற வேறொரு கோளை அனுப்ப வேண்டியிருந்தது. 2023 மே 29 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட என்.வி.எஸ்.-01, இந்தியாவிலேயே உருவாக்கிய ரூபிடியம் கடிகாரத்தைச் சுமந்து போனது. அந்தச் செய்தி நாளிதழ்களில் இன்னும் பெரிதாக வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இனி கேமராவுக்கு வருவோம். 2000 மே மாதம் வரை, பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சமிக்ஞையில் அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. இடம் நூறு மீட்டர் வரை தவறலாம். அந்தக் கலப்படம் நின்ற பிறகுதான் படத்தோடு இடத்தைச் சேர்ப்பது அர்த்தமுள்ள வேலையாயிற்று. 2006-இல் சோனி, பையில் மாட்டிக்கொள்ளும் சிறு பதிவுக் கருவி ஒன்றை விற்றது. அதற்கும் கேமராவுக்கும் எந்த ஒயரும் கிடையாது. 15 நொடிக்கு ஒருமுறை தான் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் எழுதிக்கொண்டே போகும்; வீட்டுக்கு வந்து கணினியில் இரண்டையும் பொருத்திக்கொள்ள வேண்டும். 2008-இல் நிக்கான், டி90 கேமராவோடு ஜி.பி.-1 என்ற துணைக்கருவியைக் கொண்டுவந்தது. இது கேமராவின் தலையில், ஃபிளாஷ் மாட்டும் ஹாட் ஷூவில் உட்கார்ந்து, ஒரு குட்டை ஒயர் வழியாக ஒவ்வொரு படத்திலும் இடத்தை நேரடியாக எழுதும். 2012-இல் கேனன் வெளியிட்ட ஜி.பி.-இ2 ஒரு படி மேலே போய், கேமரா எந்தத் திசையைப் பார்த்தது என்பதையும் மின்னணுத் திசைகாட்டியால் பதிந்தது. அதே ஆண்டில் வந்த கேனன் 6டி, கருவியை உடலுக்குள்ளேயே வைத்துக்கொண்டது. 2016-க்குப் பிறகு செல்போனின் இடத்தை புளூடூத் வழியாகக் கேமராவுக்கு அனுப்பும் வழி பரவலானதும், தனித் துணைக்கருவிகளைத் தேடுவோர் குறைந்துவிட்டார்கள்.

அந்தச் சின்னப் பெட்டியை ஒருமுறை கையில் வைத்துப் பார்ப்பது நல்லது. ஜி.பி.-1 தீப்பெட்டி அளவுதான், 24 கிராம். ஒரே ஒரு விளக்கு. கேமராவை இயக்கியதும் அது சிவப்பாக மினுக்கும்: இன்னும் எதுவும் கிடைக்கவில்லை. மூன்று கோள்கள் கிடைத்ததும் பச்சையாக மினுக்கும். நான்கு கிடைத்தால் பச்சை நிலையாக நிற்கும். நாம் மேலே பார்த்த நான்கு சமன்பாடுகளும் அந்த ஒரு விளக்கில் தெரிகின்றன. சிவப்பு பச்சையாக ஏன் நேரம் எடுக்கிறது என்று பொறுமையிழக்க வேண்டாம். கோள் தன் இருப்பிடத்தை நொடிக்கு 50 பிட் என்ற வேகத்தில்தான் சொல்கிறது. ஒரு கோள் தன்னைப் பற்றிய முழு விவரத்தைச் சொல்லி முடிக்க 30 நொடி, எல்லாக் கோள்களின் பொது அட்டவணையையும் சொல்லி முடிக்க 12.5 நிமிடம். செல்போனில் இடம் உடனே தெரிவதற்குக் காரணம், இந்த அட்டவணையை அது இணையத்திலிருந்து முன்பே எடுத்துவைத்துக்கொள்வதுதான். இணையம் இல்லாவிட்டால் ஜி.பி.எஸ். வேலை செய்யாது என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. செல்போன் சிக்னல் கிடைக்காத மலைவளைவிலும் அது வேலை செய்யும். சற்று நேரம் கேட்கும், அவ்வளவே.

ஹாட் ஷூ கருவிகளில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அவை கேமராவின் பேட்டரியைத் தின்னும். பேட்டரியை மிச்சப்படுத்தக் கேமரா தூங்கப் போகும்போது கருவியும் தூங்கிவிடும்; பறவை வந்து உட்கார்ந்ததும் பட்டென்று எடுத்த முதல் படத்தில் இடம் இருக்காது. தூங்கவிடாமல் வைக்க அமைப்பு உண்டு, ஆனால் அப்போது மதியத்துக்குள் பேட்டரி தீர்ந்துவிடும். தனிப் பதிவுக் கருவியோ, செல்போனில் ஓடும் தடம் பதியும் செயலியோ போதும் என்பதே என் தீர்ப்பு. செலவும் குறைவு. எக்சிஃப்டூல் என்ற இலவச மென்பொருள் ஜி.பி.எக்ஸ். வடிவத் தடத்தையும் படங்களையும் வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு படத்தையும் அதற்குரிய இடத்தில் உட்கார வைத்துவிடும். இதற்கு ஒரே ஒரு நிபந்தனை: கேமராவின் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும்.

இங்கேதான் பெரும்பாலானவர்கள் வழுக்குகிறார்கள். மென்பொருளுக்குப் படத்தைப் பார்த்து இடம் சொல்லத் தெரியாது. ‘இந்தப் படம் 7 மணி 42 நிமிடம் 10 நொடிக்கு எடுக்கப்பட்டது, அந்த நேரத்தில் கருவி எங்கே இருந்தது?’ என்று மட்டுமே அது கேட்கிறது. கேமராவின் கடிகாரம் ஒரு நிமிடம் பிந்தியிருந்தால்? நடந்து போகிறவருக்கு அறுபது, எழுபது மீட்டர் தவறும். பரவாயில்லை. ஏற்காட்டுப் பேருந்தின் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு 500 மீட்டர். இந்தச் சாலையில் அது அடுத்த வளைவாகவே இருக்கலாம், மலையின் வேறு முகமாகவும் இருக்கலாம். கேமராவுக்குள் இருப்பதும் குவார்ட்ஸ் கடிகாரம்தான். பத்து லட்சத்தில் இருபது பங்கு பிழை என்பது அதற்குச் சாதாரணம். மாதம் முடிவதற்குள் ஐம்பது நொடி தள்ளிப்போயிருக்கும்.

பதிவு இடைவெளியையும் கவனிக்க வேண்டும். 15 நொடிக்கு ஒரு புள்ளி என்றால், அதே பேருந்து இரண்டு புள்ளிகளுக்கு நடுவே 125 மீட்டர் போயிருக்கும். மென்பொருள் இரண்டு புள்ளிகளையும் நேர்க்கோட்டால் இணைத்து, நடுவில் எடுத்த படத்தை அந்தக் கோட்டின் மேல் வைக்கும். சமவெளியில் இது சரி. கொண்டை ஊசி வளைவில் அந்தக் கோடு சாலையை விட்டு விலகிக் காட்டுக்குள் குறுக்கே போகும். உங்கள் படம் யாரும் காலே வைக்காத சரிவில் எடுத்ததாகப் பதிவாகும். மலைச்சாலையில் இடைவெளியை ஐந்து நொடிக்கு மிகாமல் வையுங்கள்.

இதைவிடப் பெரிய தவறு நேர மண்டலத்தில் நடக்கிறது. கோள்கள் இந்திய நேரத்தில் பேசுவதில்லை. தடத்தில் இருப்பது உலகப் பொது நேரம். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முந்தியது. படத்தோடு சேர்ந்து பதிவாகும் எக்சிஃப் விவரங்களில் படம் எடுத்த நேரம் இருக்கும், ஆனால் அது எந்த நாட்டு நேரம் என்று குறிக்கும் இடம் 2016 வரை அந்தத் தரநிலையில் இல்லவே இல்லை. வளைகுடாவிலிருந்து சித்தப்பா வாங்கிவந்த கேமரா துபாய் நேரத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். ஒன்றரை மணி நேரப் பிழை. அரை மணி நேர மண்டலம் உலகில் குறைவு என்பதால், ஏதாவது முழு எண்ணைத் தேர்ந்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அப்போது காலையில் கொண்டப்பநாயக்கன்பட்டியில் எடுத்த படங்கள் எல்லாம் அரை மணி முன்போ பின்போ நீங்கள் இருந்த ஊரில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இதற்கு எளிய மருந்து ஒன்று உண்டு. களப்பணியாளர்கள் பலரும் செய்வது. கிளம்பும்போது செல்போனில் ஜி.பி.எஸ். நேரத்தை நொடியோடு காட்டும் செயலியைத் திறந்து, அந்தத் திரையைக் கேமராவால் ஒரு படம் எடுத்துவிடுங்கள். படத்தில் தெரியும் நேரமும், படத்தின் எக்சிஃபில் பதிவான நேரமும் எவ்வளவு மாறுபடுகின்றனவோ அதுதான் உங்கள் கேமராவின் பிழை. மண்டலம், தாமதம், குவார்ட்ஸின் சோம்பல் எல்லாம் அந்த ஒரு எண்ணில் அடங்கிவிடும். அந்த எண்ணை மென்பொருளிடம் கொடுத்தால், மூன்று மாதம் முன்பு எடுத்த படங்களைக்கூட இன்று சரிசெய்யலாம். கடிகாரத் திரையின் படம் அன்றே எடுத்திருந்தால் போதும்.

நேரத்தை ஒழுங்காக்கிய பிறகும் மிச்சம் இருக்கும் பிழைகள் இயற்கையின் கணக்கு. பூமியின் காந்த நடுக்கோடு நம் தென்மாவட்டங்களை ஒட்டிப் போகிறது. திருநெல்வேலி அருகே அதை ஆராயவே இந்தியப் புவிக்காந்த நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது. இந்தப் பகுதியின் மேல்வானில் உள்ள அயனமண்டலம், சூரியன் மறைந்த சில மணி நேரத்தில் கொந்தளிக்கும். சமிக்ஞை அதன் வழியாக வரும்போது தாமதப்படும், தாமதம் தூரப் பிழையாக மாறும். சேலத்துக்காரர் மாலையில் எடுக்கும் இடக்குறிப்பு, ஐரோப்பாவில் அதே கருவி தருவதைவிட மோசமாக இருக்க இது ஒரு காரணம். இரண்டு அலைவரிசைகளைக் கேட்கும் புதிய செல்போன்கள் இந்தப் பிழையைப் பெருமளவு கழித்துவிடும். அடிவாரத்தில் இன்னொரு தொல்லை: மலை வானத்தின் ஒரு பாதியை மறைக்கும், பாறைமுகத்தில் மோதித் திரும்பும் அலை சுற்றுவழியில் வந்து தூரத்தைக் கூட்டிக் காட்டும்.

உயரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நம் ஊர்க்காரர்களைத்தான் அதிகம் குழப்புகிறது. சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 278 மீட்டர் உயரத்தில் இருக்க, சில செல்போன்கள் 190-ஐ ஒட்டி ஏதோ ஓர் எண்ணைக் காட்டும். கருவி கெட்டுப்போகவில்லை. ஜி.பி.எஸ். அளப்பது பூமியை ஒரு சீரான நீள்கோளமாகக் கொண்டு அதன் பரப்பிலிருந்து. உண்மையான கடல்மட்டமோ ஈர்ப்பின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப மேடுபள்ளமாக இருக்கிறது. உலகிலேயே மிக ஆழமான ஈர்ப்புப் பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. அங்கே கடல்மட்டம் அந்தக் கற்பனைப் பரப்புக்கு 106 மீட்டர் கீழே. அந்தப் பள்ளத்தின் விளிம்பில்தான் தமிழ்நாடு முழுவதும் கிடக்கிறது. நம் பகுதியில் வேறுபாடு சுமார் 90 மீட்டர். படத்தில் பதிவான உயரம் எந்தப் பரப்பிலிருந்து என்று தெரியாமல் அதை ஆய்வுக்குக் கொடுக்காதீர்கள்.

பதிந்த இடத்தை எவ்வளவு நுட்பமாக எழுதுவது? அட்சரேகையில் ஒரு பாகை ஏறத்தாழ 111 கிலோமீட்டர். புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம் என்றால் 11 கிலோமீட்டர், ‘11.7 வடக்கு’ என்று நிறுத்தினால் கொண்டப்பநாயக்கன்பட்டியும் அடங்கும், சேலம் நகரின் ஒரு பகுதியும் அடங்கும். மூன்று இலக்கம் ஒரு தெரு. ஐந்து இலக்கம் ஒரு மீட்டர். அதற்கு மேல் எழுதும் இலக்கங்களுக்குப் பொருளே இல்லை. கேமராவோடு வரும் எந்தக் கருவிக்கும் அந்தத் துல்லியம் கிடையாது.

துல்லியம் ஆபத்தாகவும் முடியும். 2012 டிசம்பரில் தலைமறைவாக இருந்த ஜான் மெக்காஃபி என்ற மென்பொருள் அதிபரோடு எடுத்த ஒரு படத்தை ஒரு பத்திரிகை இணையத்தில் வெளியிட்டது. படத்துக்குள் இருந்த இடக்குறிப்பை யாரும் நீக்கவில்லை. அவர் குவாத்தமாலாவில் இருப்பது உலகுக்கே தெரிந்துபோயிற்று. காட்டில் ஓடி ஒளிய வழியில்லாத ஒரு கூட்டுக்கும், வேரோடு பிடுங்கி விற்கப்படும் ஓர் ஆர்க்கிட் செடிக்கும் இதே கதிதான். அதனால்தான் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற இயற்கைப் பதிவுத் தளங்கள், அழியும் நிலையில் உள்ள உயிர்களின் இடத்தைப் பொதுமக்களுக்குக் காட்டும்போது 0.2 பாகைச் சதுரத்துக்குள் எங்கோ ஒரு புள்ளியாக மழுப்பிக் காட்டுகின்றன. அந்தச் சதுரத்தின் ஒரு பக்கம் 22 கிலோமீட்டர். பதியும்போது ஐந்து இலக்கம் பதியுங்கள், வெளியிடும்போது மறையுங்கள். வீட்டில் எடுத்த குழந்தைப் படங்களுக்கும் இது பொருந்தும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இடக்குறிப்பு கழன்றுவிடும். அதையே ஆவணமாக அனுப்பினால் வீட்டு வாசல் வரை கூடவே போகும்.

கேமரா வைத்திருப்பவர்களின் பொழுதுபோக்கு என்ற நிலையை இது எப்போதோ தாண்டிவிட்டது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் பணியிடத்தில் நாளுக்கு இருமுறை இடக்குறிப்போடு படம் எடுத்து ஏற்ற வேண்டும் என்பது 2023 ஜனவரி 1 முதல் நாடு முழுவதும் கட்டாயமாயிற்று. கிராமத்தில் ஒருவரின் கூலி, இதே கோள்களும் இதே கடிகாரங்களும் சொல்லும் இடத்தைப் பொறுத்து அமைந்தது. ஆனால் இடக்குறிப்பு, செல்போன் எங்கே இருந்தது என்பதை மட்டுமே சொல்லும்; படத்தில் இருப்பது அங்கே நடந்ததா என்று சொல்லாது. எக்சிஃபில் உள்ள எண்களைச் சில நிமிடங்களில் மாற்றி எழுதவும் முடியும். அதிகாரிகளும் ஆய்வாளர்களும் இதை மனத்தில் வைத்தே அந்த எண்களைப் படிக்க வேண்டும்.

அடுத்த முறை ஏற்காட்டுச் சாலையில் ஏறுவதற்கு முன், அடிவாரத்தில் வண்டியை நிறுத்தி இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். கேமராவின் நேர மண்டலம் +5:30 என்று இருக்கிறதா என்று பாருங்கள். கடிகாரத்தை நொடி வரை சரிசெய்யுங்கள். செல்போனில் தடப்பதிவை ஐந்து நொடி இடைவெளியில் ஓடவிட்டு, அதன் கடிகாரத் திரையை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு மேலே போகலாம்.